வேகவதிக்கு வழி விடுங்கள்

பிரம்மனின் வேள்வியைக் குலைக்க சரஸ்வதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள், பெருமாள் குறுக்கே படுத்து அணையானார் என்பது சின்ன காஞ்சிபுரம் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் கோயிலின் தலபுராணம். அந்த வேகவதியை இன்றைக்குக் கோரையும் பிளாஸ்டிக் மூட்டைகளுமே மறித்துவிடுகின்றன.

தாமல் பக்கம் புறப்பட்டு, காஞ்சிபுரத்தைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிற ஆறு இது. வெயில் காலத்தில் அதில் ஓடுவது பெரும்பாலும் ஊர்க் கழிவுநீர். மழை வந்தால் பாலக் கண்களில் குப்பை அடைத்துக்கொண்டு தண்ணீர் தெருவைத் தேடுகிறது. 2015-லும் 2021-லும் கரையோர மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

ஆற்றங்கரை ஆக்கிரமிப்பை அகற்றத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. கரைவாசிகளுக்காக கீழ்கதிர்பூரில் 2,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளும் எழும்பின. ஆனால் பலர் போகத் தயங்கினார்கள். பிடிவாதம் என்று ஒதுக்குவது சுலபம். பிழைப்பு நகரத்துக்குள் இருக்கிறதே! குழித்தறி வைத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். மிதி இயங்கத் தரையில் பள்ளம் வேண்டும். பாவு நீட்டத் தெருவே வேண்டும். மூன்றாவது மாடியில் எங்கே பள்ளம் தோண்டுவது? பட்டு ஊரில் வீட்டுக்குத் திட்டம் போடும்போது தறிக்கும் இடம் கேட்க வேண்டாமா? அங்கேயே தரைத்தளத்தில் பொதுத் தறிக்கூடம் கட்டுங்கள். வேலை நேரத்துக்கு ஏற்ற பேருந்து விடுங்கள். அப்புறம் காலி செய்யச் சொல்லுங்கள். நில அளவையும் பாரபட்சம் இல்லாமல் நடக்கட்டும். குடிசைக்கு ஒரு நோட்டீஸ், மாடிக் கட்டடத்துக்கு ஒரு மௌனம் என்றால் யார் நம்புவார்கள்?

2021-ல் மாநகராட்சியாகிவிட்ட ஊரில், ஆற்றில் விழும் ஒவ்வொரு கழிவுநீர் வாயையும் கணக்கெடுத்து அடைப்பது பெரிய வித்தையல்ல. சாயப்பட்டறைக் கழிவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதில் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் தூர் வாருவது பணத்தை ஆற்றில் கரைப்பதுதான். சொன்னதைச் செய்வதற்கென்றே பெயர் பெற்ற சாமி குடியிருக்கும் ஊரில், அதிகாரிகளுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பொக்லைன் இறங்கட்டும். தூர் வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகாமல், அன்றன்றே லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தட்டும். இல்லையென்றால் முதல் மழைக்கே அது மறுபடி ஆற்றுக்குள் வந்துவிடும், அடுத்த ஆண்டும் அதே மண்ணுக்கு டெண்டர் விட வேண்டியிருக்கும்.