ஒட்டுப்போட்ட காருக்கும் பாரம்பரியம் உண்டு

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்தவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த பெரிய வீடுகள் வயல்களுக்கு நடுவே நிற்கிற ஊர். குடும்பம் கடல் கடந்தோ சென்னையிலோ இருக்க, வீடு பூட்டிக் கிடப்பது டெல்டாவில் புதிதல்ல. அப்படிப் பூட்டிய ஒரு வீட்டின் ஷெட்டில் 1960களில் வாங்கிய அம்பாசிடர் ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஆற்றுப் படுகையின் ஈரம் அடித்தகட்டைத் தின்றிருக்கும்; பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும்; பிஸ்டன் பிடித்துக்கொண்டு எஞ்சின் சுற்றாது. காயலாங்கடைக்குப் போடலாம். அல்லது அதே காலத்து எஞ்சினையும் பாகங்களையும் தேடி நாடு முழுக்க அலையலாம். அதுவும் இல்லையென்றால் பட்டறைக்காரர் சொல்கிறபடி கிடைக்கிற இசுசூ எஞ்சினை ஏற்றி, கிடைக்கிற ஆல்டர்னேட்டரை மாட்டி ஓட்டிவிடலாம். இந்தக் கடைசி வழியில்தான் நம் பட்டறைகள் பழைய கார்களைக் காலங்காலமாகப் பிழைக்கவைத்தன. அப்படிப் பிழைத்த காரைப் பாரம்பரிய வாகனமாக ஏற்க நம் விதிகளில் இடமில்லை. அந்த விதியைத் திருத்த வேண்டும் என்பதே என் கட்சி.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ எழுத்துகளோடு நம்பர் பிளேட்டும் 10 ஆண்டுப் பதிவும் கிடைக்கும். தினசரி ஓட்டமும் வாடகை ஓட்டமும் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலைக்கு வரலாம். நல்ல ஏற்பாடு, தாமதமாகவாவது வந்ததே. ஆனால் எஞ்சின் மாறிய வண்டிக்கு இதில் கதவு அடைத்திருக்கிறது. சரி, சாதாரண வண்டியாகவே ஓட்டிக்கொள்ளலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எரிபொருள் மாற்றம் போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி இந்தத் தடையை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகவே உறுதிசெய்தது. போதாக்குறைக்கு, 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. மிச்சம் இருப்பது காயலாங்கடைதான்.

அசல் வடிவம் என்று விதி சொல்கிறதே, அம்பாசிடருக்கு அப்படி ஒரு வடிவம் எது? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 வாக்கில் தயாரிக்கத் தொடங்கியபோது அதற்குள் இருந்தது சைடு வால்வு எஞ்சின். இரண்டொரு ஆண்டிலேயே அதை எடுத்துவிட்டு 1,489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சினை வைத்தார்கள். பிறகு டீசல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசூவின் 1,817 சிசி எஞ்சினும், ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கை கியருக்குப் பதிலாகத் தரையிலிருந்து எழும் ஐந்து கியரும் வந்தன. முகப்பு கிரில் மாறிக்கொண்டே இருந்தது. உடம்பு ஏறக்குறைய அதே உடம்பு. 2014 மே மாதம் ஆலை நிற்கும் வரை கதை இதுதான். பிரிட்டிஷ் உடம்புக்குள் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தும் யோசனையைக் கம்பெனியே செய்து காட்டியிருக்கிறது. கம்பெனி செய்தால் புதிய மாடல், மன்னார்குடிப் பட்டறையில் செய்தால் சிதைப்பு என்பதற்கு நியாயம் என்ன?

இதன் பின்னணி தெரியாமல் பட்டறைக்காரரைக் குறை சொல்வது எளிது. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெறுமனே பாகங்களை இறக்கிக் கோக்கக் கூடாது என்றானது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அவர்கள் விற்ற கார்கள் இங்கேயே நின்றன, பாகம் மட்டும் வருவது நின்றது. புதுக்கார் வேண்டுமானால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. இருக்கிற காரை எப்படியாவது ஓடவைப்பது வேடிக்கைக்குச் செய்கிற வேலையாக இருக்கவில்லை. சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961இல் கொண்டுவந்த ஹெரால்டு இங்கேயே உருமாறி நான்கு கதவு கெஸல் ஆனதும் இதே நெருக்கடியின் இன்னொரு முகம்தான்.

அந்த வேலையை அருகில் போய்ப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். இசுசூவைப் பழைய அம்பாசிடரில் இறக்கினால் எஞ்சின் மவுண்டிங் துளைகள் சேராது. பட்டைத் தகட்டை வெட்டி, லேத்தில் புஷ் கடைந்து புதிதாகத் தாங்கி செய்ய வேண்டும். கியர்பாக்ஸின் நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி, அதிராதபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே இடம் தேட வேண்டும். வண்டியின் உடம்பெல்லாம் அங்குல போல்ட், எஞ்சினில் மில்லிமீட்டர் போல்ட். எனவே இரண்டு ஸ்பேனர் செட் எப்போதும் பக்கத்தில் இருக்கும். பிரிட்டிஷ் வழிவந்த பழைய மின்னமைப்பில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரும். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறவர் முனைகளைத் திருப்பிப் போட மறந்தால் உள்ளே இருக்கும் டயோடு அந்த நொடியே எரிந்துவிடும். இவற்றில் எதற்கும் கம்பெனி கையேடு கிடையாது. கண்ணாலும் கையாலும் தலைமுறை கடந்து வந்த அறிவு இது. அசல் பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டுவதற்குப் பணம் இருந்தால் போதும்.

பாகம் மாறினால் பாரம்பரியம் போய்விடுமா என்பதற்குத் திருவாரூர் ஆழித்தேரைப் பார்ப்போம். பழைய தேர் 1926இல் தீக்கிரையானது. இன்று நாம் பார்ப்பது 1930இல் மறுபடி கட்டியது. 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றதை 1970இல் மீண்டும் ஓட்டினார்கள். அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் கூத்தாநல்லூருக்குப் பக்கத்து வடபாதிமங்கலத்தைச் சேர்ந்த தியாகராஜ முதலியார். 96 அடி உயரத் தேரின் அடியில் இன்று இருப்பது திருச்சி பெல் ஆலை செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும். பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. பிரேக்கைக் காட்டி இது ஆழித்தேரே அல்ல என்று யாராவது சொன்னால் தியாகராசர் கோயில் வீதியில் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். தேர் ஓட வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு; மரச் சக்கரமா இரும்புச் சக்கரமா என்பது பிறகு.

பழங்கார்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும் இந்த இடத்தில் நம் விதியைவிட நெகிழ்வாகவே இருக்கிறது. 2012இல் அது ஏற்ற டூரின் சாசனம், ஒரு வண்டி பயன்பாட்டில் இருந்த காலத்தில் கண்ட மாற்றங்களை அதன் வரலாற்றின் சாட்சியாக மதித்துக் காக்கச் சொல்கிறது. கியூபாவின் தெருக்களில் ரஷ்ய எஞ்சினோடு ஓடும் 1950களின் அமெரிக்கக் கார்களைப் பார்க்க உலகமே போகிறது. ஆனால் நேற்று மாற்றிய எஞ்சினுக்கு அந்தச் சாசனம் அப்படியே பொருந்தாது. இதையும் சொல்லிவிட வேண்டும். பிழைப்புக்காக அன்று நடந்த மாற்றத்தையும், இன்று மீட்கும்போது செய்கிற மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாவதை அப்படியே ஏற்க வேண்டும். இரண்டாவதற்கு நிபந்தனை வேண்டும்: சேஸிஸை வெட்டாமல், பின்னாளில் அசல் பாகம் கிடைத்தால் திரும்ப மாட்டக்கூடிய விதத்தில் செய்திருக்க வேண்டும். கூரையை அறுத்துத் திறந்த காராக்கிக் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

கனமான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. எஞ்சின் வலுத்து, பிரேக் பழசாகவே இருந்தால் உயிருக்கு ஆபத்து. உச்ச நீதிமன்றத்தின் கறார்ப் போக்கை அந்தக் கோணத்தில் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அசல் வடிவம் என்ற அளவுகோல் இந்த ஆபத்தைத் தடுப்பதில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே குழாய்வழி, எங்கே ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும்: இதுதான் அந்தக் காலத்து அசல். முன்சக்கரத்துக்கு டிஸ்க் மாட்டியவர் வண்டியைப் பத்திரமாக்கியிருக்கிறார். பாதுகாப்புதான் கவலை என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கைச் சோதிக்கட்டும், வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கட்டும். அடுத்த ஆட்சேபம் திருட்டு. எஞ்சின் நம்பர் மாறுவதை அனுமதித்தால் களவுபோன வண்டிகளுக்கு வழி திறக்கும் என்கிறார்கள். நடைமுறையில், பதிவு செய்ய வழியில்லாத எஞ்சின்தான் ரசீதில்லாமல் கை மாறும். புகையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பெரிய பதில் தேவையில்லை. ஆண்டில் சில நாள் பேரணிக்கு வரும் வண்டிகளால் டெல்டாவின் காற்று கெட்டுவிடாது. அசலையே விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒவ்வொரு மாடலிலும் திருகாணி மாறாத வண்டி ஒன்றாவது கோவை ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் நிற்பது அவசியம். எல்லா வண்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்பதில்தான் சிக்கல்.

இதற்காக நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2021 ஏற்பாடு அமைச்சக அறிவிக்கையால் வந்தது, அதே வழியில் திருத்தலாம். விண்ணப்பத்தோடு ஒரு வரலாற்றுத் தாளைக் கேட்கட்டும்: எந்த எஞ்சின், எந்த ஆண்டில், எந்த வண்டியிலிருந்து, எந்தப் பட்டறையில், எந்த ரசீதோடு ஏறியது, பழைய எஞ்சின் எங்கே இருக்கிறது. ‘விஏ’ நம்பர் பிளேட்டில் கலப்பு வண்டிக்கு ஒரு தனிக் குறியீடு சேர்க்கட்டும். அசல் வண்டிக்காரர்களின் மதிப்பும் குறையாது. 20,000 ரூபாய்க் கட்டணத்தை இந்த வண்டிகளுக்குப் பாதியாக்கினால் இன்னும் நல்லது, ஏனென்றால் இவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்கள் அல்ல. அந்தத் தாளில் பட்டறைக்காரர் கையெழுத்திடவும் ஒரு கட்டம் இருக்கட்டும்.