எஞ்சினை எதில் தொங்க விடுவது?

"எஞ்சின் இறக்கணும்" என்றுதான் நம் ஊர் பட்டறைகளில் சொல்வார்கள். உண்மையில் பழைய வண்டிகளில் எஞ்சினை முதலில் மேலே தூக்கினால்தான் அது வெளியே வரும். தூக்குவதை ஏன் இறக்குவது என்கிறோம் என்பதைத் தமிழாசிரியர்கள் யாராவது விளக்கினால் தெரிந்து கொள்வேன். இன்றைய பதிவு அந்தத் தூக்கும் வேலையைப் பற்றியது. காரில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக் கொள்ள மாட்டேன்.

ஓய்வு பெற்றவர்களும், ஐ.டி. வேலையில் இருக்கும் சில பிள்ளைகளும் இப்போது பழைய கார்களை வீட்டிலேயே பிரித்து மாட்டுகிறார்கள். நல்ல விஷயம். நான் பஸ் பணிமனையில் எஞ்சின் செக்‌ஷனில் 31 வருடம் இருந்தவன் என்று தெரிந்து அடிக்கடி யோசனை கேட்பார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு டன் வாங்கலாமா, இரண்டு டன் வாங்கலாமா சார்?" என்பதுதான். என்னைக் கேட்டால் இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அம்பாசிடரின் பழைய 1489 சிசி எஞ்சின், கியர்பாக்ஸோடு சேர்த்து, இருநூறு கிலோ பக்கம் வரும். மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சின் நூறு கிலோவுக்கும் கீழே. கடையில் விற்கும் மிகச் சிறிய தூக்கி கூட இதைத் தாங்கும். தூக்கியை எதில் மாட்டுகிறோம், அது எந்தத் தரையில் நிற்கிறது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. தாத்தாவின் அம்பாசிடரை ஓட வைக்க ஆசைப்படுகிறார். செயின் பிளாக் விலை குறைவு என்பதால் அதை வாங்கி, போர்ட்டிகோவில் இருக்கும் ஊஞ்சல் கொக்கியில் மாட்டப் போவதாகச் சொன்னார். "நாலு பேர் உட்கார்ந்து ஆடின ஊஞ்சல் சார், இருநூறு கிலோ தாங்காதா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊஞ்சலுக்கு நாலு கொக்கி. நாலு பேர் 250 கிலோ என்றால் ஒரு கொக்கிக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோ. எஞ்சின் முழுவதும் ஒரே கொக்கியில் தொங்கும். அந்தக் கொக்கி சிமெண்டுக்குள் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பது வீடு கட்டிய மேஸ்திரிக்கே தெரியாது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் கட்டட விதியில் கணக்கு எடுப்பார்கள். அதுவும் பரவலாக அமரும் எடை. ஒரே புள்ளியில் கீழ்நோக்கி இழுப்பது வேறு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை யாரும் யோசிப்பதில்லை. எஞ்சினைத் தூக்கும்போது ஏதாவது ஒரு மவுண்டிங் போல்ட் கழற்றாமல் விட்டுப் போயிருக்கும். அனுபவஸ்தர்களுக்கே நடக்கும். அப்போது கொக்கி எஞ்சினை மட்டும் தூக்குவதில்லை, காரின் மூக்கையும் சேர்த்துத் தூக்குகிறது. அம்பாசிடரின் முன்பக்கம் மட்டுமே அரை டன்னைத் தாண்டும். செயின் பிளாக்கின் பெருமையே, கையால் லேசாக இழுத்தால் ஒரு டன்னைத் தூக்கிவிடும் என்பதுதான். அதனால் பாரம் ஏறுவது உங்கள் கைக்குத் தெரியவே தெரியாது. கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். அப்போது நீங்கள் அதற்கு நேர் கீழே நின்று கொண்டிருப்பீர்கள்.

"அந்தக் காலத்தில் புளிய மரத்தில் கட்டித் தூக்கினார்களே" என்று ஒரு நண்பர் சொன்னார். தூக்கினார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அந்த மெக்கானிக்குக்கு அந்தக் கிளை எது தாங்கும், எது தாங்காது என்று இருபது வருடப் பழக்கம். கூட நாலு பையன்கள் நிற்பார்கள். நம் வீட்டில் நாம் ஒருவர், அல்லது பயந்து கொண்டே டார்ச் பிடிக்கும் மனைவி.

செயின் பிளாக் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். கையை விட்டாலும் பாரம் அப்படியே நிற்கும், இறக்கும்போது நூல் பிடித்தாற்போல் இறங்கும். வாங்கினால் ஐ.எஸ். 3832 தரத்தில், கொக்கிக்குத் தாழ்ப்பாள் இருப்பதாக வாங்குங்கள். அதை மாட்டக் கட்டடம் வேண்டாம் என்பதுதான் என் வாதம். போர்வெல் மோட்டார் தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் இரும்பு முக்காலி போதும். ஒரே ஒரு எஞ்சினுக்காக வாங்காதீர்கள், வாடகைக்குக் கேளுங்கள். மூன்று கால்களும் விலகாமல் அடியில் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். அதைக் கட்டாத முக்காலி பாரம் ஏறினால் கால் பரப்பிப் படுத்துவிடும்.

இனி சக்கரம் வைத்த மடக்குக் கிரேன். ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்குவது. இரண்டு டன் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது கையை முழுக்க உள்ளே இழுத்து வைத்தால்தான். கையில் துளைகள் இருக்கும், பக்கத்திலேயே எடையும் போட்டிருக்கும். வெளியே நீட்ட நீட்ட அது குறையும், கடைசித் துளையில் பெரும்பாலும் அரை டன்தான். பானெட்டைக் கழற்றி, ரேடியேட்டரைத் தாண்டி எஞ்சினுக்கு மேலே போக வேண்டுமென்றால் நீங்கள் கடைசித் துளையில்தான் நிற்பீர்கள். கார் எஞ்சினுக்கு அது தாராளம். ஆனால் மலிவாக இருக்கிறதென்று ஒரு டன் கிரேன் வாங்குகிறவர் அந்தக் கடைசித் துளையின் எண்ணைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

வாங்கும் முன் கடையிலேயே ஏதாவது பாரத்தைத் தூக்கச் சொல்லி, இறக்கும் திருகை நீங்களே திறந்து பாருங்கள். அங்குலம் அங்குலமாக இறங்க வேண்டும். தடாலென்று இறங்கினால் வேண்டாம். தூக்குவதைப் பார்த்து மயங்கி வாங்குகிறோம், எஞ்சினைத் திருப்பி உட்கார வைக்கும்போதுதான் அந்தத் திருகின் அருமை தெரியும்.

இந்தக் கிரேனுக்குச் சமமான கான்கிரீட் தரை வேண்டும். மண்ணில் உருளாது. டைல்ஸ் உடையும். நம் போர்ட்டிகோக்கள் மழைத்தண்ணீர் ஓட கேட்டைப் பார்த்துச் சாய்வாக இருக்கும். எஞ்சின் தொங்கும் கிரேன் அந்தச் சாய்வில் தானாகவே தெருவைப் பார்க்கக் கிளம்பிவிடும். அதனால் தம்பிக்கு முக்காலியைத்தான் சொன்னேன். அதிலும் ஒரு சிரமம். முக்காலி நகராது, எஞ்சின் மேலே வந்ததும் காரைத்தான் பின்னால் தள்ள வேண்டும். தள்ள இரண்டு பேர், கட்டை வைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் ஒருவர், இவ்வளவு பேர் இல்லாத நாளில் ஆரம்பிக்கவே கூடாது.

எஞ்சினில் கட்டும் பெல்ட்டை நீளமாகக் கட்டுங்கள். சிக்கனமாகக் குட்டையாகக் கட்டி இரண்டு பக்கமும் படுக்கைவாக்கில் போனால், தரைமட்டத்துக்கு 30 டிகிரி கோணத்தில் ஒவ்வொரு பக்கமும் முழு எஞ்சின் எடையைச் சுமக்கும். 60 டிகிரியில் பாதிக்குச் சற்று மேல்தான்.

பணிமனையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், மிக நிதானமான மனிதர். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். தொங்கிக் கொண்டிருந்த எஞ்சின் அரை அங்குலம் அசைந்தது, அவ்வளவுதான். சுட்டு விரலின் நுனி போய்விட்டது. அன்றைக்குத் தூக்கியில் ஒரு குறையும் இல்லை. அதன்பிறகு எங்கள் செக்‌ஷனில் துளை பார்க்க ஒரு கூரான கம்பியைச் சங்கிலியில் கட்டியே தொங்க விட்டிருந்தோம். வீட்டில் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் போதும்.

முன்சக்கரம் இழுக்கும் இன்றைய கார்களில் பலவற்றுக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து அடிவழியாகத்தான் இறங்கும். அதற்கு எஞ்சினைத் தூக்கிப் பயனில்லை, காரைத் தூக்க வேண்டும். ஸ்விஃப்ட் வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்ட இரண்டு பேரையும் பட்டறைக்கே போகச் சொல்லிவிட்டேன்.