கார்டைத் தேய்ச்சா தனிக் காசா?



உரக்கடையில், பூச்சிமருந்துக் கடையில் கார்டை நீட்டினால் ஒரே பாட்டுதான்: "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட ஆகும்ணே. பேங்குக்காரன் புடிக்கிறான், நாங்க என்ன பண்றது?" விதைப்பு அவசரத்தில் நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். 10,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் 200 ரூபாய் போச்சு. பில்லிலும் அது ஏறுவதில்லை.

பேங்குக்காரன் புடிக்கிறானா? கணக்கைப் பார்ப்போம்.

கார்டு வியாபாரத்துக்காகக் கடைக்காரர் வங்கிக்குத் தரும் கமிஷன்தான் எம்.டி.ஆர். நம்மில் பலர் கையில் இருக்கும் கே.சி.சி. அட்டை ரூபே டெபிட் கார்டு. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கு இந்தக் கமிஷன் பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கும் 2018 முதல் உச்சவரம்பு உண்டு. ஆண்டுக்கு 20 லட்சம் வரை விற்கும் சின்னக் கடைக்கு 0.40 சதவீதம், பெரிய கடைக்கு 0.90 சதவீதம். அதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. டெபிட் கார்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் கடையோடு வங்கி உறவை முறிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் இந்த 2 சதவீதம் யார் பைக்குப் போகிறது? தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீத வட்டி என்று தரப்படும் பயிர்க்கடனில், பாதி வட்டியை ஒரே தேய்ப்பில் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். இது பகல் கொள்ளை!

உர மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். ரொக்கமோ கார்டோ, விலை ஒன்றுதான்.

சண்டை வேண்டாம். "அந்த ரெண்டு பர்சன்ட்டையும் பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். எழுதினால் அதுவே சாட்சி. உரத்துக்கு என்றால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். கார்டு மெஷின் எந்த வங்கியுடையதோ அங்கேயும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

நமது கோரிக்கைகள்:

1. "டெபிட் கார்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை" என்ற பலகையை ஒவ்வொரு உரக்கடையிலும் தமிழில் வை!

2. மீறும் கடையின் உர உரிமத்தின் மீது நடவடிக்கை எடு!

3. புகார் வந்த கடையின் கார்டு மெஷினை வங்கியே திரும்ப எடு!

ஒருத்தர் கேட்டால் முணுமுணுப்பு. ஊரே கேட்டால் உரிமை. கேட்போம், வாருங்கள்!