கட்டளை போட்டவர் எங்கே?

ஒவ்வொரு மே 18-லும் நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க மெழுகுவர்த்திதான். முள்ளிவாய்க்காலுக்காக வருத்தப்படுறது சரி. ஆனா ஒரு கேள்வியை நாம அழுத்திக் கேட்பதே இல்லை. சண்டையில் செத்தவர்கள் ஒரு பக்கம். சரணடைந்து உயிரோடு பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள்? அதுக்குப் பொறுப்பு யார்?

2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் வழியாக வந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் கணவர்களையும் ராணுவத்திடம் ஒப்படைத்தன. பலர் திரும்பவே இல்லை. கைகள் கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட கைதிகளைச் சுட்டுக்கொல்லும் வீடியோவை அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார்.

அன்று பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோத்தபய ராஜபக்ச. ஜனாதிபதியான பிறகு, 2020-இல், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். சரி, ராணுவத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டவர்கள் எப்படி இறந்தார்கள்? இதுக்கு மட்டும் பதில் இல்லை. 2022-இல் மக்கள் அவரை விரட்டியதும் பெட்ரோல், விலைவாசிக்காகத்தானே தவிர இதுக்காக இல்லை.

சர்வதேசச் சட்டத்தில் 'கட்டளைப் பொறுப்பு' என்று ஒன்று உண்டு. கீழே இருப்பவர் செய்யும் குற்றம் மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தாலோ, அவர் அதைத் தடுக்கவோ தண்டிக்கவோ வேண்டும். இல்லையென்றால் அவரும் குற்றவாளி. நம்ம காஞ்சிபுரத்துக் கணக்கில் சொன்னா, பட்டுப்புடவையில் போலி ஜரிகை இருந்தால் தறியில் உட்கார்ந்தவரை மட்டுமா கேட்போம்? ஜரிகை வாங்கிக் கொடுத்தவரைக் கேட்க மாட்டோமா?

ஆனா உலகம் தறிக்காரரோடு நின்றுவிடுகிறது. 2004-இல் வெளிவந்த அபு கிரைப் சிறைக் கொடுமைக்கு அமெரிக்கச் சிப்பாய் சார்லஸ் கிரேனருக்கு 10 ஆண்டு சிறை. 2002-லேயே குவாண்டனாமோவில் கடுமையான விசாரணை முறைகளுக்குக் கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் மீது வழக்கு விசாரணையே நடக்கவில்லை. இலங்கையில் கீழே இருப்பவருக்கும் தண்டனை நிலைக்கவில்லை. 2000-இல் மிருசுவிலில் 8 தமிழர்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற ராணுவ வீரர் சுனில் ரத்நாயக்கவுக்கு 2020 மார்ச்சில் கோத்தபய பொதுமன்னிப்பு கொடுத்தார்.

"புலிகள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1990-இல் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்களைப் புலிகள் கொன்றார்கள். அதுவும் குற்றம்தான். அன்று கிழக்கில் புலிகளின் தளபதியாக இருந்த கருணா, பின்னாளில் அதே இலங்கை அரசில் அமைச்சரானார். சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தாய்க்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: மௌனம்.

2025 மார்ச்சில் பிரிட்டன், ஷவேந்திர சில்வா உட்பட முன்னாள் ராணுவ, கடற்படைத் தளபதிகள் மூவர் மீதும் கருணா மீதும் தடை விதித்தது. நல்ல விஷயம். ஆனா விசா மறுப்பது விசாரணை ஆகாது.

நாம கேட்க வேண்டியதும் இருக்கு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. பக்கத்து நாட்டு அதிகாரியைக் கூண்டில் ஏற்றச் சொல்லும் நாம், முதலில் நம்ம எம்.பி.யிடம் இதைக் கேட்கலாம். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து தெருவோரம் போராடும் தாய்மார்களில் பலர், பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு நம்ம அனுதாபம் போதாது. அவர்களுக்கு வேண்டியது, யார் கட்டளையில் இது நடந்தது என்கிற பதில்.