முயலுக்கு முன்னால் புல் வாங்குங்கள்



பரீட்சை முடிந்துவிட்டது. விடுமுறையில் பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் சில ஆண்டுகளாக முயல்குட்டியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நாய் என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், பூனை என்றால் பாட்டிக்கு ஆகாது. முயல் சத்தம் போடாது, கடிக்காது, ஒரு கூண்டும் நாலு கேரட்டும் போதும் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் ஊர்தோறும் இருக்கிற வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் உள்ளங்கையில் அடங்கும் குட்டிகளை ஜோடி ஜோடியாக அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். “நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் இறந்து கிடந்தது” என்று பிறகு சொல்லும் வீடுகளும் ஏராளம். வளர்க்க ஆசைப்பட்டவர்களின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. யாரும் அவர்களுக்கு விவரம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காகவே இந்த மாத ஆசிரியர் பக்கத்தை முயலுக்குக் கொடுக்கிறேன்.

முதலில் அந்தக் குட்டியின் வயதைப் பாருங்கள். முயல்குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். பாலிலிருந்து புல்லுக்கு மாறும் அந்த நாள்களில்தான் அதன் குடல் பழகுகிறது. ஆனால் மூன்று, நான்கு வாரக் குட்டிதான் பார்க்க அழகு, அதுதான் சீக்கிரம் விலைபோகும். அதை வாங்கி வந்து பால் ஊற்றி, பிஸ்கட் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் கழிச்சல் கண்டு போய்விடுகிறது. கடைக்காரர் குட்டியின் வயதைச் சொல்லத் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

கிராமத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடலைக் காட்டிலும் கரும்புக் காட்டிலும் அறுவடையின்போது அகப்படும் காட்டுமுயல் குட்டி வேறு இனம். அது பிறக்கும்போதே உடம்பில் மயிரும் திறந்த கண்ணும் உடையது, தாய் அதைத் தரையிலேயே விட்டு மேயப் போயிருக்கும். வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கத்தது. மண்ணுக்குள் வளை தோண்டி, அங்கே கண் திறக்காத வெற்றுடம்புக் குட்டிகளை ஈனும். காட்டுமுயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டால் தாய் தேடி வரும்.

இனி சாப்பாடு. முயல் வளர்ப்பில் பாதிக்கும் மேல் இதில்தான் இருக்கிறது. கேரட் தின்னும் முயலை நமக்குக் காட்டியது கார்ட்டூன். நிஜ முயலுக்குக் கேரட் ஒரு தித்திப்புப் பண்டம், வாரத்தில் சில துண்டுகள் போதும். அதன் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். உலர்ந்த புல்லும் பசும்புல்லும் இராப்பகலாக எட்டும் இடத்தில் கிடக்க வேண்டும். காரணம் வாயிலும் இருக்கிறது, வயிற்றிலும் இருக்கிறது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வளரும். நார் நிறைந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். தேயாத பல் நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பசி இருந்தும் தின்ன முடியாமல் அந்த ஜீவன் வாடிப்போகும்.

வயிற்றின் கதை இன்னும் நுட்பமானது. முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இயந்திரம். புல்லின் நார்தான் அதை ஓட்டுகிறது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. சோறு, ரொட்டி, பிஸ்கட், மிக்சர் என்று பிள்ளைகள் பாசத்தோடு ஊட்டும் மாவுப்பொருள் குடலில் நொதித்து வாயுவாகும், குடல் நின்றுபோகும். அரை நாளுக்குத் தீனியும் தொடாமல், புழுக்கையும் போடாமல் ஒரு முயல் மூலையில் உட்கார்ந்திருந்தால் அது அவசர நிலை. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் நாளை வரை அது இருக்காது.

முயல் குனிந்து தன் புழுக்கையையே தின்பதைப் பார்த்துச் சிலர் அருவருத்து அதட்டுகிறார்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள். வழக்கமான உருண்டைப் புழுக்கையைத் தவிர, திராட்சைக் கொத்துப் போல மென்மையாக இன்னொன்றும் வரும். பெருங்குடலின் தொடக்கப் பையில் நுண்ணுயிர்கள் தயாரித்த புரதமும் பி வகை வைட்டமின்களும் அதில் இருக்கின்றன. மாடு அசைபோட்டு எடுத்துக்கொள்ளும் சத்தை முயல் இப்படி எடுத்துக்கொள்கிறது.

புல்லுக்கு எங்கே போவது? இணையத்தில் விற்கும் டிமோத்தி புல் வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அதிகம். கட்டுப்படியாகிறவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு அருகம்புல் இருக்கிறது. கினியாப் புல்லும் கோ ரகத் தீவனப் புல்லும் பால்மாடு வைத்திருப்பவர்களிடம் கிடைக்கும். நிழலில் உலர்த்தி, பூசணம் பிடிக்காமல் சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளலாம். வைக்கோல் படுக்கைக்குச் சரி, உணவுக்குப் போதாது. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை நாள்தோறும் ஒரு கைப்பிடி தரலாம். முருங்கைக் கீரையிலும் குதிரைமசாலிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளர்ந்த முயலுக்கு அவற்றைத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் மண் போலப் படிந்துவிடும். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. கடையில் கிடைக்கும் பண்ணைத் தீவனக் குச்சிகள் இறைச்சி முயலுக்குச் சீக்கிரம் எடை ஏற்றுவதற்காகச் செய்தவை. பத்து ஆண்டு வாழ வேண்டிய வீட்டு முயலுக்கு அதை வயிறாரப் போடக்கூடாது.

ஆமாம், பத்து ஆண்டு. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் முயல் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டு வரை வாழும். மூன்றாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்த முயல், பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும். அப்போது அதற்குப் புல் வைக்கப் போவது நீங்கள்தான்.

நம் ஊரில் முயலுக்குப் பெரிய எதிரி வெயில். குளிர்ந்த வளைக்குள் பகலைக் கழிக்கப் பிறந்த பிராணி அது. அதற்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். பதினைந்திலிருந்து இருபத்தொரு டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இதம், முப்பதைத் தாண்டினால் ஆபத்து. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்ப்பது அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான். சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் மே மாதப் பால்கனியில், தகரக் கூரைக்குக் கீழே, கம்பிக் கூண்டில் முயலை வைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

அதனால்தான் முயலை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்கிறேன். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெறும் தரையில் அது காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஈரக் கையால் காதைத் தடவுங்கள். தண்ணீரைக் கனமான மண்சட்டியில் வைத்தால் கவிழ்க்காது, குளிர்ச்சியாகவும் இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வெயில் என்று சொல்லிக் குளிப்பாட்டிவிடாதீர்கள். நனைந்த முயல் அதிர்ச்சியிலேயே இறந்துபோகக்கூடும், அதன் ரோமத்தை அதுவே சுத்தம் செய்துகொள்ளும்.

முயலை வீட்டுக்குள் திறந்துவிட்டு வளர்க்கலாம் என்ற எண்ணம் உலகத்தில் பரவக் காரணமானவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மரினெல் ஹாரிமன். தம் வீட்டு முயல்களோடு வாழ்ந்து கற்றதை 1985இல் ‘ஹவுஸ் ராபிட் ஹேண்ட்புக்’ என்ற நூலாக எழுதினார். 1988இல் ஹவுஸ் ராபிட் சொசைட்டி தொடங்கியது. தோட்டத்து மரக்கூண்டுதான் முயலுக்கு இடம் என்று இருந்த நாட்டில், அவர்கள் அதைக் கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர்கள் காட்டிய முக்கியமான விஷயம், முயலுக்குக் கழிப்பிடம் பழக்கலாம் என்பது. பழைய பிளாஸ்டிக் டப்பில் செய்தித்தாள் பரப்பி, ஒரு ஓரத்தில் புல்லை வையுங்கள். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கம் உள்ளது, அதுவே அங்கே வந்து உட்காரும். அந்தப் புழுக்கையை அப்படியே மாடித் தோட்டத்துத் தொட்டியில் போடலாம், செடி கருகாது.

வீடும் கொஞ்சம் முயலுக்கு வளைந்துகொடுக்க வேண்டும். சார்ஜர் வயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போகும் வயர் எல்லாமே அதன் கண்ணுக்கு வேர்தான், கடித்துத் துண்டாக்கிவிடும். குழாய்க்குள் போட்டு மறையுங்கள். வழுவழுப்பான டைல்ஸில் அதன் ரோமக் கால் சறுக்கும். கோரைப்பாய் ஒன்றை விரியுங்கள், கடித்தாலும் பாதகமில்லை. நாள் முழுவதும் கம்பி வலைமேல் நிற்கும் முயலுக்குப் பாதம் புண்ணாகிவிடும். இங்கிலாந்தின் முயல் நலச் சங்கம் ஒரு ஜோடிக்கு மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் இடம் வேண்டும் என்கிறது. நம் கடைகளில் விற்கும் கூண்டு அதில் ஒரு மூலைக்குக் கூட வராது.

அதன் மனசைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நிறையாது. முயல் வேட்டையாடப்படும் பிராணி. மேலேயிருந்து ஒரு கை இறங்கினால் அதற்குப் பருந்து இறங்குவதாகவே தோன்றும். தூக்கினால் உதறும். பின்னங்கால் அவ்வளவு பலம், எலும்போ மெலிசு. சரியாகத் தாங்காமல் தூக்கினால் உதறுகிற வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே, சுகமாகத் தூங்குகிறது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது பயத்தில் உறைந்துபோன நிலை. முயலோடு பழக ஒரே வழி நீங்கள் தரையில் உட்காருவது. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். அதுவாக வரும், மோந்து பார்க்கும், முகவாயை உங்கள்மேல் தேய்த்துத் தன்னுடையது என்று அடையாளம் வைக்கும். ஒருநாள் காற்றில் எம்பி உடம்பை முறுக்கித் துள்ளும். சந்தோஷம் வந்தால் முயல் செய்கிற காரியம் அது, கூண்டில் இருக்கும் முயலுக்கு அதைச் செய்ய இடமே இல்லை. பின்னங்காலால் தரையைத் தட்டினால் பயந்திருக்கிறது என்று பொருள். தீபாவளி ராத்திரிகளில் உள்ளறையில் கூடவே இருங்கள்.

சந்தையில் ஜோடியாகத் தருவதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன். முயலுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். கருத்தடை செய்யாத பெட்டை முயல்களில் வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகம். எனவே அறுவை சிகிச்சை இரண்டுக்கும் நல்லது. அதன் பிறகு ஆணும் பெண்ணும் சண்டையில்லாமல் ஒன்றாக இருக்கும், தனி முயலைவிட நிம்மதியாகவும் இருக்கும்.

ஆனால் எந்த மருத்துவரிடம் போவது என்பது முக்கியம். “அறுவைக்கு முன்னால் முயலைப் பட்டினி போட வேண்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்பதே சரியான பதில். வாந்தி எடுக்காத பிராணிக்குப் பட்டினி கேடுதான். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள், வாய்வழி போகும் அந்த மருந்து முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே எடுத்துவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம். காதிலும் மூக்கிலும் வரும் சொறி நம் ஊரில் சாதாரணம். அதை மருத்துவர் எளிதில் குணப்படுத்துவார்.

இவ்வளவும் படித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் அந்த முயலுக்கு நீங்கள் செய்யும் நன்மையே. வேண்டும் என்றே தோன்றினால் இந்த மே மாதம் முழுக்கக் காத்திருங்கள். புல் எங்கே கிடைக்கும், மருத்துவர் யார், வெயிலில் எந்த அறை என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேறு வீட்டில் வேண்டாமென்று விடப்படும் முயல் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

ஏற்கெனவே முயலோடு வாழும் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் ஊரில் முயல் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவமனை எது, நல்ல புல் எங்கே கிடைக்கிறது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து, சரிபார்த்து, வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்