வினாவும் சரியாக இருக்க வேண்டும்

ஆந்திர மாநிலத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான "ஈ.ஏ.பி.செட்"டில் மொத்தம் 160 வினாக்கள். அவற்றில் சரிபாதி, அதாவது 80 வினாக்கள், கணிதத்திலிருந்து கேட்கப்படுகின்றன. சித்தூர், திருப்பதி மாவட்ட மாணவர்களுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை இந்த 80 வினாக்கள்தான். அதனால், இடைநிலைக் கல்வியின் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி மாதிரி வினாக்களைப் பயிற்சி செய்வதிலேயே கழிகிறது. அந்த மாதிரி வினாக்களே பிழையாக இருந்தால் என்ன ஆகும் என்பது குறித்து யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

பிழை என்றால் அச்சுப்பிழை மட்டுமல்ல. ரஷியக் கணித மேதை விளாதிமீர் அர்னால்ட் எடுத்துக்காட்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 அங்குலம், கர்ணத்தின் மீதான குத்துயரம் 6 அங்குலம், பரப்பளவு என்ன? சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவர் 30 சதுர அங்குலம் என்று நொடியில் குறித்துவிடுவார். ஆனால், அந்தக் குத்துயரம் கர்ணத்தின் பாதியைத் தாண்டவே முடியாது. அப்படியொரு முக்கோணமே கிடையாது. யோசிக்காதவருக்கு முழு மதிப்பெண். யோசித்தவருக்குத் திகைப்பு என்றால், அந்தப் பயிற்சி எதைக் கற்றுக் கொடுக்கிறது?

தேர்வுத் தாள்களிலேயே பிழைகள் நேர்வது புதிதல்ல. 2017-இல் சென்னை ஐ.ஐ.டி. நடத்திய ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில், தவறான, தெளிவற்ற வினாக்களுக்காக அனைவருக்கும் 18 கூடுதல் மதிப்பெண்கள் வழங்கப்பட்டன. அதை எதிர்த்த வழக்கில் மாணவர் சேர்க்கைக்கே உச்ச நீதிமன்றம் சில நாள்கள் தடை விதித்தது. 2024 நீட் தேர்வில் இயற்பியல் வினா ஒன்றுக்கு, பழைய பாடநூலின்படி ஒரு விடையும் புதிய பாடநூலின்படி வேறொரு விடையும் ஏற்கப்பட்டன. தில்லி ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், ஒரு விடையே சரி என்று தீர்ப்பளித்தது. பழைய நூலை நம்பிய 4 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் மதிப்பெண் இழந்தனர்.

ஆனாலும், தேர்வில் நேரும் பிழைக்குப் பரிகாரம் தேட ஒரு வழி இருக்கிறது. விடைக்குறிப்பை வெளியிட வேண்டும், ஐயத்துக்கிடமான வினாவை விலக்க வேண்டும் என்று கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. இன்று ஈ.ஏ.பி.செட் தேர்விலும் முதற்கட்ட விடைக்குறிப்பு வெளியிடப்பட்டு, ஆட்சேபங்கள் பெறப்பட்ட பின்னரே இறுதி விடைக்குறிப்பு வருகிறது. பயிற்சி நூலில் உள்ள பிழைக்கு அப்படி எந்த வழியும் இல்லை.

பயிற்சி மையத்தில் படிக்கும் மாணவர் பக்கத்திலிருக்கும் ஆசிரியரிடம் ஐயத்தைத் தீர்த்துக் கொள்வார். கைமாறி வந்த வழிகாட்டி நூலோடு வீட்டில் அமர்ந்து படிக்கும் கிராமத்து மாணவர், விடை ஒத்துப்போகாதபோது நூலைச் சந்தேகிப்பதில்லை, தன்னைத்தான் சந்தேகிக்கிறார். சரியாகப் புரிந்துகொண்டதைத் தவறென்று எண்ணி மாற்றிக் கொள்கிறார்.

தாய்மொழியில் படிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாகக் கூறி, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண்கள் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட 13 மொழிகளில் நடைபெறும் ஜே.இ.இ. மெயின் தேர்விலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதுதான் விதி. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நகரி, குப்பம் போன்ற எல்லைப் பகுதிகளின் மாணவர்களுக்கு இதன் பொருள் புரியாமல் இருக்காது.

மாணவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தால் பிழைகள் திருத்தப்படும் என்பதற்கு அமெரிக்காவின் "சாட்" தேர்வு சான்று. ஒரு சிறிய வட்டம், தன்னைப்போல் மும்மடங்கு ஆரமுள்ள வட்டத்தைச் சுற்றி உருண்டு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது எத்தனை சுற்றுகள் சுற்றியிருக்கும் என்று 1982-இல் கேட்கப்பட்டது. சரியான விடை 4. கொடுக்கப்பட்ட ஐந்து விடைகளில் அது இல்லவே இல்லை. அதைச் சுட்டிக்காட்டி எழுதியவர்கள் மூன்றே மாணவர்கள். தேர்வு அமைப்பு தவறை ஏற்று, ஏறத்தாழ 3 லட்சம் பேரின் மதிப்பெண்களைத் திருத்தியது.

பயிற்சி மையங்களுக்கென மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பொய்யான வாக்குறுதிகளை அளிக்கக் கூடாது என்றெல்லாம் கூறும் அந்த ஆவணத்தில், பயிற்சி வினாக்களின் பிழைகளுக்குப் பொறுப்பேற்கும் கடமையும் சேர்க்கப்பட வேண்டும். புகார்களைப் பெற்று, பிழைதிருத்தப் பட்டியலை வெளியிடுவது பயிற்சி மையங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எந்த வினா விலக்கப்பட்டது, ஏன் விலக்கப்பட்டது என்பதை ஆந்திர அரசு விளக்கத்துடன் வெளியிட்டால், அடுத்த ஆண்டின் வழிகாட்டி நூலில் அதே பிழை இடம்பெறாது.

இதற்கான அறிவு வளத்தைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதல் திருப்பதியில் இருக்கிறது. 2015-இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி.யும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே இருக்கின்றன. இவற்றின் கணிதத் துறைகள் இணைந்து, சரிபார்க்கப்பட்ட வினாத் தொகுப்பு ஒன்றைத் தெலுங்கிலும் தமிழிலும் இலவசமாகத் தந்தால், சுற்றுவட்டார அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

மாணவர் ஒரு வினாவில் தவறினால், அதற்கான விலையை மதிப்பெண்ணாகக் கொடுக்கிறார். வினாவைத் தயாரித்தவர் தவறினாலும் விலை கொடுப்பவர் அதே மாணவர்தான் என்கிற இன்றைய நிலை நியாயமானதல்ல.