ஏரி ஒண்ணு, ஓட்டு மதிப்பு ரெண்டு

2016-ல் ஹிலாரி கிளிண்டன், டிரம்ப்பை விட ஏறத்தாழ 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோத்துப்போனார். "என்னடா சிஸ்டம் இது" என்று நம்ம ஹாஸ்டலில் இன்னமும் சிரிப்பார்கள். சிரிக்கலாம். ஆனால் அந்த மாதிரி ஒரு வாக்காளர் குழு நம்மகிட்டயும் இருக்கு. நம்ம குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பழவேற்காடு ஏரியில் இருக்கிற பசியாவரத்தை எடுத்துக்கங்க. அது பொன்னேரி தொகுதி. அந்த எம்.எல்.ஏ. போடுகிற ஓட்டின் மதிப்பு 176. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. அந்தப் பக்கம் சூளூர்ப்பேட்டை எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 159. அதே தண்ணி, அதே இறால், ஆனா 17 குறைச்சல்!

பார்க்க அநியாயமா இருந்தாலும், கணக்கு சரிதான். மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, திரும்ப 1000-ஆல் வகுக்கணும். தமிழ்நாட்டுக்கு 4.12 கோடி, 234 பேர். போட்டுப் பாருங்க, 176 வரும். அதாவது, அதிக மக்களுக்காக நிற்கிற எம்.எல்.ஏ.வுக்கு அதிக மதிப்பு. அமெரிக்காவில் இது தலைகீழ். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3 பிரதிநிதிகள், நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கு 54. ஆளுக்கு ஆள் பார்த்தா வயோமிங்காரருக்கு மூணரை மடங்குக்கு மேல் எடை. போதாக்குறைக்கு, 48 மாநிலங்களில் ஜெயிச்சவருக்கே மொத்தமும் போய்விடும். இங்கே ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தனியா, ரகசியமா போடுகிறார். கொறடா உத்தரவும் செல்லாது.

சரி, 4.12 கோடி எந்த வருஷத்துக் கணக்கு? 1971! இன்னைக்கு ஐம்பது வயசு தாண்டாத யாருமே அந்த 176-ல் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாதுன்னு 1976-ல் 42-வது திருத்தம் மூலம் எண்ணிக்கையை உறைய வைத்தார்கள். 2001-ல் 84-வது திருத்தம் அதை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2011 கணக்கை வைத்துக் கால்குலேட்டரில் தட்டினேன். தமிழ்நாட்டுக்கு 308, உத்தரப் பிரதேசத்துக்கு 496. இப்போ 176-க்கு 208. அவங்க எம்.எல்.ஏ.வின் மதிப்பில் 85 சதவீதமா இருக்கிற நாம 62-க்கு இறங்குவோம்.

ஆக, வயோமிங் அளவுக்கு இல்லாவிட்டாலும், நாமளும் கொஞ்சம் வயோமிங்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் "ஒரு ஆளுக்கு ஒரே மதிப்பு" என்று பேசினால், அந்த வாதத்தை வைத்தே நம்மை மடக்கிவிடுவார்கள்.

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கு. நல்ல மீன்பிடி இடங்களை மீனவர்கள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்குள் அது அவ்வளவு நேர்மை. சண்டை வந்ததெல்லாம் பாட்டில் பங்கு இல்லாத மற்ற மீனவர்கள் "எங்களுக்கு ஏன் இல்லை" என்று கேட்டபோதுதான். நம்ம 1971 கணக்குக்கும் அதே சிக்கல்தான். சூத்திரத்தை யாரும் குறை சொல்லவில்லை, யாரையெல்லாம் எண்ணுவது என்பதில்தான் தகராறு. பீகாரில் 1971-க்குப் பிறகு பிறந்தவர் கேட்டால் பதில் சொல்லியாகணும்.

என்னிடம் இருக்கிற பதில் இது. இந்தியா ஆட்களின் கூட்டம் மட்டுமில்லை, மாநிலங்களின் ஒன்றியமும்கூட. இந்தத் தேர்தலிலேயே எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பும் எல்லா எம்.பி.க்களின் மொத்த மதிப்பும் ஏறத்தாழ சமமா இருக்கணும் என்று 55-வது பிரிவு சொல்லுது. 2022-ல் 5,43,231-க்கு 5,43,200. மாநிலங்களுக்குச் சரிபாதி என்பது அப்போ புதுக் கோரிக்கை இல்லை. அதே காரணத்தைச் சொல்லி, ஒவ்வொரு மாநிலத்தின் பங்கும் இவ்வளவுக்குக் கீழே போகாது என்று அரசியலமைப்பிலேயே எழுதச் சொல்லிக் கேட்கணும். 25 வருஷத்துக்கு ஒருமுறை தள்ளிப்போட்டால், அடுத்த கெடு முடியும்போது நமக்கு நாற்பத்தாறு வயசு, அப்பவும் இதே பயத்தோட உட்கார்ந்திருப்போம்.